சந்தகை மிஷினில் கொரியா நூடுல்ஸ்

ஏப்ரல் 28, திங்கள்

ஒரு சோதனையைத் தொடங்கும் முன் அதைப் பற்றிய குறிப்புகளை வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று கல்லூரியில் வேதியியல் மாணவர்களுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் சொல்லி வந்தேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. நானாவது கேட்கிறேன்.

1. நோக்கம்: கொரியாவில் கோடைக்குச் சாப்பிடும் காரமான குளிர் நூடுல்ஸை வீட்டிலேயே செய்வது. நாள்: மே 18, ஞாயிறு, பகல் பன்னிரண்டரை. சாப்பிடுபவர்கள்: மகள் இந்துஜா, அவள் கணவர் சங்மின், என் மனைவி பூங்கொடி, நான்.

2. மாவு: அங்கே ஒரு கறுப்புத் தானியத்தையும் கிழங்கு மாவையும் கலக்கிறார்கள். இங்கே ராகி மாவும் மரவள்ளிக் கிழங்கு மாவும் அந்த இடத்தை நிரப்பும் என்று கருதுகிறேன்.

3. கருவி: இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிய வீட்டிலுள்ள மூன்று கால் மிஷின் போதும்.

4. காரம்: அதற்கான சிவப்பு விழுது கோயமுத்தூரில் புட்டியில் கிடைக்கிறது.

5. மூன்று ஆண்டுகளுக்கு முன் கொரியாவில் நடந்த இந்துவின் திருமணத்துக்கு நாங்கள் போகாததற்குக் காரணம், என் பாஸ்போர்ட் நேரத்துக்கு வராததுதான். சோதனையோடு இதற்குத் தொடர்பில்லை. பதிவுக்காக மட்டும்.

6. அண்ணனிடம் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில்.

நேற்று இந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வாரம் வேலையாம். ஓட்டலில் தங்குகிறார்கள். ஞாயிறன்று பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊரான கோபிக்கு வந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். “ரெண்டே மணி நேரமா அம்மிணி?” என்று பூங்கொடி கேட்டாள். மறுபக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். கை உலர்வதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாகவே இப்படி நேரம் கூடிவருவதில்லை.

“ஏனுங்க, இந்த ரெண்டு மணி நேரத்துல அவ மனசு எளகலீன்னா, இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. பாத்துக்கங்க” என்றாள் பூங்கொடி.

என்ன பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. “மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டேன்.

“வெயில்காலம் பூராவும் அந்தச் செவப்புச் சேமியாதான் உசுராம். ஐஸ் போட்டுத் திம்பாங்களாம்.”

எனவே இந்தச் சோதனை.


ஏப்ரல் 30, புதன்

சோதனை 1. ராகி மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 200 கிராம், உப்பு 4 கிராம், கொதிநீர் 260 மில்லி. பிசைந்து, உருண்டை பிடித்து, இட்லிப் பானையில் பதினைந்து நிமிடம் வேகவைத்து, சூட்டோடு மிஷினில் இட்டுச் சுற்றினேன்.

கைப்பிடி முக்கால் சுற்று வந்தது. பிறகு வரவில்லை. பின்னோக்கியும் வரவில்லை. உள்ளே மாவு பசையாகி, துளைகளின் வழியே கடுகளவு தலை நீட்டி, அப்படியே நின்றுவிட்டது.

பூங்கொடி வந்து பார்த்தாள். “இது எங்கப்பன் வூட்டுச் சீருங்க. நாப்பத்தாறு வருசமா இடியாம இருக்குது. நீங்க ஒரே நாள்ல முடிச்சுருவீங்களாட்ட இருக்குதே.”

சுடுநீரில் ஊறவைத்து, ஊசியால் துளை துளையாகக் குத்தி எடுக்க இரண்டேகால் மணி நேரம் ஆனது. மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு துளைகள். இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.


மே 1, வியாழன்

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டதாக நினைக்கிறேன். சந்தகைக்கு மாவை முதலில் வேகவைப்போம், பிறகு பிழிவோம். பிறந்தது முதல் பார்த்துவந்த வரிசை அது. மாறியும் இருக்கலாம் என்றே தோன்றவில்லை. கொரியர்கள் பச்சை மாவைக் கொதிக்கும் நீருக்குள் நேராகப் பிழிகிறார்கள். இணையத்தில் ஒரு பெண்மணி செய்து காட்டும் படத்தை ஏழு முறை பார்த்தேன். மொழி புரியவில்லை. கைகள் புரிந்தன.

ஆனால் மிஷின் நிற்பது தரையில். அடுப்பு இருப்பது மேடையில்.


மே 2, வெள்ளி

தீபாவளிப் பலகாரம் சுடும் ஒற்றை கேஸ் அடுப்பைத் தரையில் வைத்து, அதன் மேல் மிஷினின் மூன்று கால்களும் அகன்று நிற்கும்படி அமைத்தால் நடுவில் பாத்திரம் வைக்கலாம். கால்களின் இடைவெளி தெரிய வேண்டும். அளவு நாடாவுக்காகப் பீரோவின் மேல் டிராயரைத் திறந்தேன். நாடா இருந்தது. பெரிய கத்திரிக்கோலும் பழைய உறைகளும் இருந்தன. மூடிவிட்டேன்.

இடைவெளி 34 செ.மீ. பாத்திரத்தின் விட்டம் 30. போதும்.

காலை ஏழு மணிக்கு வழக்கம்போல அண்ணன் பேப்பர் படிக்க வந்தார். பெயர் சென்னியப்பன், வயது எழுபத்தெட்டு, அடுத்த வீதியில் வீடு. சொந்தமாகப் பேப்பர் வாங்கும் வசதி உண்டு. இங்கே வந்துதான் படிப்பார். அடுப்பையும் மிஷினையும் பார்த்துவிட்டு, “என்னடா, ஒறம்பரை வருதா?” என்று கேட்டார்.

“இல்லீங்கண்ணா. சும்மா.”

விருந்தாளிகள் வருவதைச் சொல்ல உரிய நேரமாக அது தோன்றவில்லை.


மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடக்கம். சோதனை 2. அதே விகிதம், பச்சை மாவு. இழைகள் அழகாக நீரில் இறங்கின. பன்னிரண்டு நொடி இழைகளாக இருந்தன. பிறகு களியாகிவிட்டன.

பூங்கொடி அதில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டாள். “களி நல்லாத்தான் இருக்குது. இதுக்கு மிஷின் எதுக்குங்க?”


மே 5, திங்கள்

பல் மருத்துவரிடம் போனேன். மேல் தாடைப் பற்கட்டு தளர்ந்திருக்கிறது. “என்ன சார் சாப்பிடறீங்க?” என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.


மே 7, புதன்

சோதனை 3. ராகி ஒரு பங்கு, மரவள்ளி மாவு இரண்டு பங்கு. நன்றாகக் கொதித்த நீரில் பிசைந்து, ஈரத் துணி போர்த்தி இருபது நிமிடம் வைத்தேன். பிழிந்து நாற்பது நொடி கொதிக்கவிட்டு, மூன்று முறை பச்சைத் தண்ணீரில் அலசி, ஐஸில் போட்டேன்.

இழை அறுபடவில்லை. கருநிறம், மெல்லிய பளபளப்பு. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வாயில் போட்டுக் கடித்தேன். மேலே சொன்ன பற்கட்டு இழையோடு வெளியே வந்துவிட்டது.

சோதனை வெற்றி என்றே கொள்கிறேன்.

பூங்கொடி அடுப்படி ஆணியில் தொங்கும் சின்னக் கத்திரிக்கோலை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே, “அதெல்லாஞ் சரி. மாப்பிள்ளைக்குப் போடற மொதோ விருந்து. ஆறிப்போனதையா வெப்பீங்க?” என்றாள்.

“ஆறிப்போனது இல்ல. ஆறவைக்கிறது.”

“சாப்பிடறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் தேங்காப்பால் சந்தகையும் ஒப்புட்டும் சூடாப் பண்ணிருவேன். சூடா ஒண்ணு இல்லாம நான் பரிமாற மாட்டேன்.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை விருந்தென்றால் சந்தகையும் ஒப்புட்டு என்ற போளியும் இருந்தாக வேண்டும். அவள் சொல்வது முறைதான். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.


மே 9, வெள்ளி

பேருந்தில் கோயமுத்தூர். பெரிய கடை ஒன்றில் வெளிநாட்டுப் பொருள்களுக்கென்று தனி வரிசையே இருக்கிறது. வேலை செய்யும் பெண் சிவப்புப் புட்டியை எடுத்துத் தந்தாள். “யாருக்குங்க ஐயா? பேத்தி கொரியா டிராமா பாக்குறாங்களா?”

“சோதனைக்கு” என்றேன்.

அவள் புட்டியைத் திருப்பிக் காலாவதி நாளைப் பார்த்துத் தந்தாள். பொறுப்பான பெண்.

அந்த விழுது அரிசி, மிளகாய், சோயா, உப்பு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்வது. வீட்டுக்கு வந்ததும் அமில அளவு காட்டும் தாளை வைத்துப் பார்த்தேன். ஐந்துக்குச் சற்றுக் கீழே. நம் இட்லி மாவுக்குப் பக்கத்து வீடு. மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது பேருந்து அவர்கள் தங்கப்போகும் ஓட்டல் வழியாகத்தான் வந்தது. ஏழு மாடி. வாசலில் கண்ணாடிக் கதவு. நிறுத்தம் இல்லாததால் பேருந்து நிற்கவில்லை.


மே 11, ஞாயிறு

சாறு, முதல் கலவை: சிவப்பு விழுது 3 கரண்டி, மிளகாய்த்தூள் 1, வினிகர் 2, சர்க்கரை 2, சோயா சாறு 1, பூண்டு 4 பல், துருவிய பேரிக்காய் பாதி, நல்லெண்ணெய் 1. அவர்களுடைய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம்முடையதில் அந்த வாசனை இல்லை. எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவிச் சரிசெய்தேன்.

பூங்கொடி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இனிக்குது, புளிக்குது, அப்பறம் காதுக்குப் பின்னால சுடுது” என்றாள். இதைவிடத் துல்லியமான விவரணையை நான் மாணவர்களிடம் பெற்றதில்லை.

வெளிநாட்டவருக்குக் காரம் தாங்காது என்று மிளகாய்த்தூளை அரைக் கரண்டியாகக் குறைத்தேன்.


மே 13, செவ்வாய்

அண்ணன் பேப்பர் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஏழு இருபதுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பினார்.


மே 14, புதன்

இன்று பேப்பரில் விளம்பரங்களே அதிகம். அண்ணன் விரைவில் கிளம்பிவிட்டார்.


மே 16, வெள்ளி

பூங்கொடி சொல்லிவிட்டாள். காபி டம்ளரை அவர் முன் வைத்து, ஒரே மூச்சில்: “மாமா, ஞாயித்துக்கெழம இந்துவும் மாப்பிள்ளையும் வர்றாங்க.”

அண்ணன் பேப்பரை மடித்தார். “அந்தச் சீனாக்காரனா?”

கொரியா என்று திருத்த நினைத்தேன்.

“வரட்டும், போகட்டும். எனக்கென்ன?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதில்ல?” என்று கேட்டுவிட்டுப் போனார். காபி அப்படியே இருந்தது.

அவர் கேட்டது என்ன என்பதைப் பதிவுக்காக எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்து வேற்று நாட்டவரைத் திருமணம் செய்யப்போவது தெரிந்தபோது, “நீ போனா எனக்குத் தம்பி இல்ல” என்று சொன்னார். அப்பா இறந்தபோது எனக்குப் பதினோரு வயது. என்னைப் படிக்கவைப்பதற்காக அவர் பள்ளியை நிறுத்திவிட்டு ஏர் பிடித்தவர். நான் போகவில்லை என்று சொன்னேன். பாஸ்போர்ட் விஷயம் வேறு.

பூங்கொடியிடம் அப்போதே பாஸ்போர்ட் இருந்தது. தனியாகப் போக மாட்டேன் என்று அவளும் இருந்துவிட்டாள்.


மே 17, சனி

இறுதி ஒத்திகை. எல்லாம் சரி. நூடுல்ஸுக்கு எவர்சில்வர் கிண்ணங்கள் நான்கு எடுத்து வைத்தேன். பீங்கான் வாங்கியிருக்க வேண்டுமோ என்று கவலை. படத்தில் அந்தப் பெண்மணியும் எவர்சில்வரில்தான் வைத்திருந்தாள் என்பது எட்டாவது முறை பார்த்தபோது தெரிந்தது.

தேவையான பொருள்களின் பட்டியலை இரண்டு முறை சரிபார்த்தேன். முப்பத்தொரு பொருள். விடுபட்டது எதுவும் இல்லை.


மே 18, ஞாயிறு. மாலை ஆறரை

நடந்த வரிசையிலேயே எழுத முயல்கிறேன்.

12.10க்கு வாடகைக் காரில் வந்தார்கள். இந்து முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள். “நல்லா இருக்கீங்களாப்பா?” என்றாள். நல்லா இருக்கிறேன் என்றேன். வங்கியில் தெரிந்தவர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். நானும் குனிந்தேன். யார் முதலில் நிமிர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலும். பூங்கொடிதான், “போதுங்க, மாப்பிள்ளைக்கு முதுகு புடிச்சுக்கப் போகுது” என்றாள்.

12.25க்கு அண்ணன் வந்தார். “பேப்பர் வந்துதா?” என்று கேட்டார். அந்தப் பேப்பரைக் காலை ஏழு மணிக்கே அவர் படித்து முடித்திருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் மடித்த துண்டு. பூங்கொடி ஒன்றும் கேட்காமல் ஐந்தாவது கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

நான் மிஷினில் மாவை நிரப்பியபோது மாப்பிள்ளை வந்து பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிரித்து, இந்துவிடம் ஏதோ சொன்னார்.

“அவங்கூர்லயும் இதே மிஷின்தானாம்ப்பா. முன்னெல்லாம் மரத்துல இருக்குமாம். மேல ஒரு ஆளே ஏறிப் படுத்து அமுக்குவாங்களாம்.”

சொல்லும்போதே அவர் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். “ஐயோ, மொத விருந்துக்கு வந்த மாப்பிள்ளையப் போயி மிஷின் சுத்த வெக்கிறீங்களே!” என்று பூங்கொடி பதறினாள். அவர் சுற்றினார், நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நல்ல கை. நாற்பது நொடியை நான் எண்ணினேன். அவரும் தன் மொழியில் எண்ணினார். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தோம்.

ஐஸ், சாறு, வெள்ளரிக்காய், பேரிக்காய்த் துண்டு, மேலே அவித்த முட்டையில் பாதி. ஐந்து கிண்ணம். மாப்பிள்ளை கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, குளிர்ச்சி போதும் என்பது போலத் தலையாட்டினார்.

ஒரு பிழை உடனே தெரிந்தது. நாங்கள் பிழிந்த இழை அறுபடுவதே இல்லை. அண்ணன் கையால் ஒரு பிடி எடுத்தார். கையை மார்பு வரை உயர்த்தினார். இழை முடியவில்லை. தலைக்கு மேல் உயர்த்தினார். முடியவில்லை. அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு, “என்னடா இது, கெணத்துல தண்ணி சேந்தறாப்ல?” என்றார்.

இந்து சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து முதல் முறை.

அந்தச் சிரிப்பில் அண்ணனுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். கையை இறக்கி, தொண்டையைச் செருமி, “ஏம்மிணி, கண்ணாலத்துக்கு உங்கப்பன் வரலீன்னு மனசுல வெச்சுக்காத. பாஸ்போர்ட் நேரத்துக்கு வரல. அவன் என்ன பண்ணுவான், பாவம்?” என்றார்.

எனக்காகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை.

இந்து கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “ஆமாங்க பெரியப்பா. அப்பா சொன்னாரு” என்றாள். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு, “அம்மா, கத்திரிக்கோல் எங்கிருக்குது? இத வெட்டித்தான் திங்கோணும். அங்க சாப்பாட்டோடயே கத்திரிக்கோலுங் கொண்டாந்து வெப்பாங்க” என்றாள்.

“விருந்துல கத்திரிக்கோலா?” என்றார் அண்ணன்.

முப்பத்தொரு பொருளில் கத்திரிக்கோல் இல்லை. அந்தப் பெண்மணியின் படத்தில் அவள் சாப்பிடும் பகுதியை நான் பார்த்ததேயில்லை. சமைத்து முடித்ததும் நிறுத்திவிடுவேன்.

“பீரோவுல மேல் டிராயர்ல பாரு கண்ணு” என்றாள் பூங்கொடி.

இந்து எழுந்தாள்.

“நீ உக்காரு. நான் எடுத்தாறேன்” என்றேன்.

அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறிக்கவில்லை. இந்த இருபது நாளில் கடிகாரம் பார்க்காத இடம் அது ஒன்றுதான். கத்திரிக்கோல் அளவு நாடாவுக்கு அடியில் இருந்தது. அதற்கடியில் பழுப்பு உறை. கத்திரிக்கோலை மட்டும் எடுத்து டிராயரை மூடினேன். கதவு வரை வந்தேன். திரும்பிப் போய்த் திறந்தேன்.

இரண்டையும் கொண்டுவந்து கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தேன்.

“பாஸ்போர்ட் வந்துருச்சு கண்ணு” என்றேன். “கண்ணாலத்துக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு.”

“டேய்” என்றார் அண்ணன்.

அந்த ஒரு சொல்லுக்கு அறுபது ஆண்டுகளாக நின்றுவிடுவது என் வழக்கம். இன்றும் நின்றேன். பிறகு எப்படியோ மிச்சமும் வந்துவிட்டது. “எனக்குப் பயம். அண்ணன் பேச மாட்டாருன்னு. அதான் வரல. உங்கம்மாவையும் வரவிடல. பாஸ்போர்ட் வரலேன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

ஐஸ் உருகும் சத்தம் கேட்கும் என்பதை இதுவரை நான் அறிந்ததில்லை.

“தெரியுமுங்கப்பா” என்றாள் இந்து.

எனக்குப் புரியவில்லை.

“அப்ளிகேசன் போட்டது நானுங்களே. உங்களுக்கு அதெல்லாம் போடத் தெரியாதுன்னு என்ற மெயில் ஐடிதான குடுத்தேன். போஸ்ட்மேன் உங்க கையில குடுத்துட்டாருன்னு அன்னைக்கே எனக்கு மெயில் வந்துருச்சு.”

“அப்பறம் ஏங்கண்ணு கேக்கலே?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சாற்றின் காரமாகவும் இருக்கலாம். “அங்க பெத்தவங்களுக்குன்னு முன்னாடி ரெண்டு நாற்காலி போடுவாங்கப்பா. கடைசி நிமிசம் வரைக்கும் எடுக்கவேண்டாம்னு சொல்லிட்டேன். போட்டோல எல்லாம் ரெண்டு காலி நாற்காலி.”

திருமணப் படங்களை அவள் அனுப்பியிருந்தாள். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இந்து அவர் மொழியில் சொன்னாள். நான் சொல்ல மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது அந்த மொழியில் நான்கு வாக்கியம்தான். அவர் உறையிலிருந்து பாஸ்போர்ட்டை இரு கைகளாலும் எடுத்து, என் படம் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்து, ஏதோ சொன்னார்.

“போட்டோல பயந்தாப்ல இருக்கீங்களாம்.”

“ஆமா” என்றேன்.

இந்து கத்திரிக்கோலை எடுத்துத் துடைத்து, என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்று இரண்டு வெட்டு வெட்டித் திரும்பத் தள்ளினாள். “சாப்பிடுங்க. ஒட்டிக்கிட்டா நல்லாருக்காது.”

சாப்பிட்டேன். சுவையைப் பற்றி இந்த இடத்தில் எழுத வேண்டும். நினைவில்லை.

அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். துண்டை ஒருமுறை தோளில் சரிசெய்தார். எழவில்லை. சிறிது நேரம் கழித்துத் தன் கிண்ணத்தை இந்துவின் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார். அவள் வெட்டித் தந்தாள். ஒரு வாய் சாப்பிட்டார்.

“ஆறிப்போயிருக்குது” என்றார்.

“அது அப்படித்தானுங்கண்ணா.”

இன்னொரு வாய். “காரம் பத்தல.”

இந்து மொழிபெயர்த்தாள். மாப்பிள்ளை முகம் மலர்ந்து, பெருவிரலால் அண்ணனைக் காட்டி, பலமாகத் தலையாட்டினார். அரைக் கரண்டி மிளகாய்த்தூளைக் குறைத்தது தவறு. முதல் நாளின் ஆறு குறிப்புகளில் அது இல்லை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

பூங்கொடி எல்லோருக்கும் சூடான சந்தகை பரிமாறினாள். எனக்குப் பரிமாறும்போது மட்டும் தேங்காய்ப்பால் இல்லை.

இரண்டு மணிக்கு டிரைவர் ஹாரன் அடித்தான். மாப்பிள்ளை ஜமக்காளத்தில் தூங்கிவிட்டிருந்தார். இந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, டிரைவர் பக்கத்திலுள்ள ஓட்டலில் சாப்பிடப் போயிருக்கிறான் என்றாள். மூன்று மணிக்கு அவன் திரும்பி வந்தான். யாரும் கிளம்பவில்லை. ஐந்து மணிக்கு அம்மாவும் மகளும் கொல்லைப்புறத்தில் மிஷினைக் கழுவினார்கள். நூற்று நாற்பத்து நான்கு துளை. நேரமாகும். பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேச்சென்று கேட்கவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். காரில் ஏறும் முன் இந்து சொன்னாள்: “அக்டோபர்ல எங்க மாமனாருக்கு எழுபது வயசு. பெருசாப் பண்றாங்க. டிக்கெட் போட்டா வருவீங்களா?”

அண்ணன் பின்னால் நின்றிருந்தார்.

“வர்றேன்” என்றேன். பின்னால் கேட்கும் அளவுக்குச் சொன்னேனா என்று சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை சொன்னேன்.

“விசா அப்ளிகேசனும் நான்தான் போடுவேன். மெயில் எனக்குத்தான் வரும். பாத்துக்கங்க” என்றாள். இம்முறை சிரிப்பு கார் திரும்பும் வரை இருந்தது.


மே 19, திங்கள்

காலைக் காபியில் சர்க்கரை இல்லை. கேட்கவில்லை. குடித்து முடித்த பிறகு பூங்கொடி, “இந்தத் தடவ நீங்க வரலீன்னாலும் நான் போறேன்” என்றாள். நியாயம்.

பிறகு அவள் பால் பாக்கெட்டை வெட்டினாள். அடுப்படி ஆணியில் தொங்கும் அந்தச் சின்னக் கத்திரிக்கோலால். நேற்றும் அது அங்கேதான் தொங்கியிருக்கும், சாப்பிட்ட இடத்திலிருந்து நான்கடி தூரத்தில். இந்துவைப் பீரோவுக்கு அனுப்பும்போது பூங்கொடிக்கு அது நினைவில்லாமல் போயிருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் இப்போது டிராயரில் இல்லை. அதே ஆணியில் மாட்டியிருக்கும் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். இன்னும் ஏழு ஆண்டு செல்லும். பார்த்துவிட்டேன்.

அண்ணன் ஏழு மணிக்கு வரவில்லை. எட்டரைக்குப் பேப்பரை நானே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் நின்றேன்.

“எந்த மாசம்?” என்றார்.

“அக்டோபருங்கண்ணா.”

“அங்க குளுருமில்ல.”

“குளுருமுங்கண்ணா.”

உள்ளே போனார். பட்டாளத்தில் இருந்த அவர் மகன் விட்டுப்போன கம்பளிச் சட்டையை எடுத்துவந்து, பேப்பர் போடும் நாற்காலியின் மேல் போட்டார். என் கையில் தரவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். தோள் பெரிது.

வீட்டுக்கு வந்து குறிப்புகளைச் சரிபார்த்தேன். 1 நிறைவேறியது, சாப்பிட்டவர்கள் நால்வர் என்பது ஐவர் ஆனது தவிர. 2 விகிதத் திருத்தத்துடன் சரி. 3 சரி. 4 சரி. 6 சொன்னது நான் அல்ல, என்றாலும் சொல்லப்பட்டது.

5 தவறு. எழுதிய அன்றே தெரியும்.